கணக்கைப் போடுவது யார்?

(அறிவியல் கணிமைப் பயிலரங்கு ஒன்றின் தொடக்க நாளில் முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். இரண்டு ராத்திரி தூங்காத முகம். "சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட விட்டுட்டுப் போனேன். இருபது கணக்குல ஒன்பதுதான் முடிஞ்சிருக்கு" என்றார்.

அவர் எடுத்துக்கொண்டது ஸ்பின் சங்கிலி. வரிசையாக 16 அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மேல் நோக்கி இருக்கும், அல்லது கீழ் நோக்கி இருக்கும். எட்டு மேலே, எட்டு கீழே என்றால் எத்தனை விதமாக அடுக்கலாம்? 16இலிருந்து 8ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள், அதாவது 12,870. ஆகவே அவருடைய அணியில் 12,870 நிரைகள், 12,870 நிரல்கள். அந்த அணியின் ஐகன் மதிப்புகள் அத்தனையும் வேண்டும், ஐகன் திசையன்களும் வேண்டும். ஒவ்வொரு அணுவின் மேலும் காந்தப்புலத்தைத் தாறுமாறாக மாற்றிவிட்டு மறுபடியும் அதே கணக்கு. இப்படி இருபது முறை. ஒரு முறைக்கு ஏழு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

தன் ஃபோர்ட்ரான் புரோகிராமை அச்செடுத்துக் கையில் கொண்டுவந்திருந்தார். எங்கே சுற்று அதிகம், எங்கே குறைக்கலாம் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அதை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "இது அப்புறம் தம்பி. முதல்ல உன் மெஷினைக் காட்டு" என்றேன்.

புது மெஷின். எட்டுக் கோர். எந்தக் கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைத் தட்டினோம். ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் ஓடுகிறது; மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன. அடுத்து எல்டிடி என்ற கட்டளை. ஒரு புரோகிராம் ஓடும்போது எந்தெந்த லைப்ரரிகளைத் துணைக்கு அழைக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். (நிரலகம் என்று தமிழில் எழுதுகிறோம். ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வது லைப்ரரிதான். நானும் அப்படியே சொல்கிறேன்.) பட்டியலில் லிப்பிளாஸ் என்று ஒரு வரி இருந்தது. ஆனால் அது பெயர்ப் பலகை மட்டும்தான். லினக்ஸில் அந்தப் பெயர் இன்னொரு கோப்பைச் சுட்டும், அது வேறொன்றைச் சுட்டும். அந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தபோது, கடைசியில் உட்கார்ந்திருந்தது, பிளாஸ் என்ற அடிப்படை அணிக்கணக்கு லைப்ரரியின் மாதிரிப் பிரதி. வேகத்துக்காக எழுதப்பட்டதல்ல அது. ஒவ்வொரு செயலும் என்ன செய்ய வேண்டும் என்று இலக்கணமாகக் காட்டுவதற்காக எழுதப்பட்டது.

அன்று மாலை, அதே செயல்களை வேகத்துக்காக எழுதிய ஓப்பன்பிளாஸை நிறுவி, அந்தப் பலகைக்குப் பின்னால் அதை உட்கார வைத்தோம். அவருடைய புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஏழு மணி நேரக் கணக்கு இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இந்த இருபது நிமிடத்தைப் பற்றியது. அதைவிட அதிகமாக, அதற்குப் பிறகு அந்த மாணவர் பட்ட பாட்டைப் பற்றியது. உங்கள் விடையைக் கடைசியில் கணக்குப் போட்டுக் கொடுப்பது நீங்கள் எழுதிய வரிகள் அல்ல. அடியில் இருக்கும் லைப்ரரி. அது எது, எப்படி உங்களோடு இணைந்திருக்கிறது என்பது உங்கள் ஆய்வின் ஒரு பகுதி. வேதியியல்காரர் ரசாயனத்தின் தூய்மையைக் குறித்துவைப்பது போல அதையும் குறித்துவைக்க வேண்டும். கணிப்பொறி அறையைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

முதலில், ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு இன்னொன்றை எப்படி வைக்க முடிகிறது? இது தானாக நடந்த காரியம் அல்ல. 1979இல் லாசன், ஹேன்சன், கின்கெய்ட், க்ரோ என்ற நால்வர் 38 சிறு செயல்களுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு திசையன்களின் புள்ளிப் பெருக்கம், ஒன்றை எண்ணால் பெருக்கி மற்றொன்றோடு கூட்டுவது, இப்படி அடிப்படையானவை. பெயர் என்ன, எந்த வரிசையில் எதைத் தர வேண்டும், என்ன திரும்பி வரும் என்று எழுதி வைத்தார்கள். உள்ளே எப்படிச் செய்வது என்பதை அவரவரிடம் விட்டார்கள். அதுதான் பிளாஸ். 1988இல் அணியும் திசையனும் சேரும் செயல்கள் சேர்ந்தன. 1990இல் அணியும் அணியும் சேரும் செயல்கள். அவற்றின் மேல் 1992இல் லாபேக் எழுந்தது. சமன்பாடுகளைத் தீர்ப்பது, ஐகன் மதிப்பு காண்பது எல்லாம் அதில். இந்த வேலைகளில் தொடர்ந்து இருந்த ஜாக் டொங்காராவுக்கு 2021ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

பெயர்களைப் பாருங்கள். டிஜெம் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதில் ஐந்து ஆங்கில எழுத்துகள். டி என்றால் இரட்டைத் துல்லியம். ஜி, இ இரண்டும் பொதுவான அணி. எம், எம் என்றால் அணியை அணியால் பெருக்குவது. அந்நாளைய ஃபோர்ட்ரானில் பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அந்த ஆறுக்குள் எண்ணின் வகை, அணியின் வகை, செயல் மூன்றையும் அடக்கினார்கள். பிளாஸின் முதல் பெயர்கள் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மேட்லேப், ஆர், நம்பை, ஜூலியா எதைத் திறந்தாலும் அடியில் அதே பெயர்கள்தான் கேட்கின்றன. போட்டி போடும் நிறுவனங்கள், ஒருவரை ஒருவர் அறியாத பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே பெயர்ப் பட்டியலுக்கு உடன்பட்டிருப்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

பெயர் ஒன்றே, செயல் ஒன்றே என்றால் வேகம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

சமையலறைக்கு வாருங்கள். அடுப்பருகே அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. மூட்டை மூட்டையாகச் சாமான் உள்ளறையில் இருக்கிறது. கடுகு வேண்டும் என்று உள்ளறைக்குப் போய் ஒரு சிட்டிகை எடுத்துவந்து தாளித்து, சீரகத்துக்கு மறுபடி போய், மிளகுக்கு மறுபடி போய் வந்தால் சமையல் எப்போது முடியும்? கை வேகமாகத்தான் இருக்கிறது; நேரம் நடையில் போகிறது. கணிப்பொறியில் உள்ளறை என்பது நினைவகம். அஞ்சறைப்பெட்டி என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ். ஆயிரத்துக்கு ஆயிரம் அணிகள் இரண்டைப் பெருக்கினால், ஓர் அணியில் 10 லட்சம் எண்கள்தான். ஆனால் செய்ய வேண்டிய பெருக்கலும் கூட்டலும் சேர்ந்து 200 கோடி. அதாவது ஒவ்வோர் எண்ணும் ஆயிரம் முறை தேவைப்படுகிறது. ஒருமுறை எடுத்துவந்ததைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை பயன்படுத்திவிட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அணியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டம் கேஷில் அடங்கும்படி பார்த்துச் செய்யும் லைப்ரரி வேகமாக ஓடும். மாதிரிப் பிரதி அப்படி வெட்டுவதில்லை. மூன்று சுற்று, அவ்வளவுதான்.

எவ்வளவு வெட்டுவது என்பது செயலிக்குச் செயலி மாறும். டென்னசி பல்கலைக்கழகத்தில் கிளின்ட் வேலியும் டொங்காராவும் உருவாக்கிய அட்லஸ், நிறுவும்போதே பல அளவுகளை ஓட்டிப் பார்த்து, அந்த மெஷினுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டது. கசுஷிகே கோட்டோ வேறு வழியில் போனார். ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றியவர். பிறகு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். செயலியின் கட்டளைகளை நேரடியாக அசெம்பிளியில், கையாலேயே எழுதினார். கேஷை மட்டும் பார்த்தால் போதாது, நினைவக முகவரிகளைச் செயலி தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்று கண்டார். அவர் எழுதிய கோட்டோபிளாஸ் பிறகு திறந்த மூலமாக வெளிவந்தது. அதை எடுத்துக்கொண்டு 2011 முதல் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜாங் சியான்யீ தொடர்ந்த வேலைதான் ஓப்பன்பிளாஸ். அன்று மாலை நாங்கள் உட்கார வைத்தது அதைத்தான். ஜப்பானிலிருந்து அமெரிக்கா, அங்கிருந்து சீனா என்று கைமாறி, அந்த மாணவரின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது ஒரு மனிதரின் கைவேலை.

சரி, இணைப்பது எப்படி? நீங்களே கம்பைல் செய்யும் புரோகிராம் என்றால் லிங்கருக்கு லைப்ரரிகளின் பெயரைத் தர வேண்டும். இங்கே ஒரு வரிசை உண்டு. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். கையில் "இன்னும் கிடைக்காத பெயர்கள்" என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, நிலையான லைப்ரரி ஒவ்வொன்றிலிருந்தும் அந்த நேரத்தில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு நகரும். பிளாஸை முன்னால் எழுதி லாபேக்கைப் பின்னால் எழுதினால், பிளாஸைக் கடக்கும்போது அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அடுத்து லாபேக் வந்து டிஜெம் எங்கே என்று கேட்கும். அதற்குள் பிளாஸைக் கடந்தாகிவிட்டது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால்: லாபேக், பிறகு பிளாஸ்.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் பலகைக்குப் பின்னால் இருப்பவரை மாற்றலாம். ஃபெடோராவில் ஃப்ளெக்ஸிபிளாஸ் என்ற இடைத்தரகர் இருக்கிறார். ஆர் மொழியில் செஷன்இன்ஃபோ என்று கேட்டால் எந்தப் பிளாஸ், எந்தக் கோப்பு என்று முழுப் பாதையும் சொல்லும். நம்பையில் ஷோ-கான்ஃபிக். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிப் வழியாக நம்பையை நிறுவினால் பெரும்பாலும் அது தனக்கென்று ஓர் ஓப்பன்பிளாஸைப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவரும். மெஷினில் நீங்கள் எந்தப் பலகையை மாற்றினாலும் அது திரும்பிப் பார்க்காது. மாற்றிவிட்டோம் என்று நம்பி, மாறாத ஒன்றை அளந்து, அட்டவணையும் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மாற்றிய பிறகு கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

இனி அந்த மாணவர் பட்ட பாடு. பிளாஸ் என்னும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பற்றிச் சொன்னேன். எழுதாமல் விட்டதும் உண்டு. பெயரின் பின்னால் ஓர் அடிக்கோடு சேர வேண்டுமா, முழு எண் எத்தனை பைட், கலப்பெண் எப்படித் திரும்பி வரும், இவையெல்லாம் கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். அடிக்கோடு பொருந்தாவிட்டால் லிங்கரே கத்திவிடும்; அது நல்ல பிழை. மற்றவை கத்தாது.

16 அணுவை முடித்த உற்சாகத்தில் அவர் 18 அணுவுக்குப் போனார். 18இல் 9 என்றால் 48,620. அணி மட்டும் 19 ஜிபி. அவர் அழைத்தது டிஎஸ்ஒய்இவிடி என்ற லாபேக் செயல். அது வேலை செய்யத் தனியாக இடம் கேட்கும். ஐகன் திசையன்களும் வேண்டும் என்றால், அணியின் அளவை அதனாலேயே பெருக்கி அதன் இரு மடங்கு, அதோடு அளவின் ஆறு மடங்கு, அதோடு ஒன்று, இத்தனை எண்களுக்கு இடம். அதுவே 38 ஜிபி. பெரிய நினைவகம் உள்ள மெஷினைக் கேட்டு வாங்கி ஓட்டினார்.

32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. நான் சொன்ன சூத்திரத்தில் அளவு 32,766 வரை போட்டுப் பாருங்கள், அடங்கும். 32,767 என்று போட்டால் தாண்டிவிடும். எவ்வளவு இடம் தருகிறேன் என்று லைப்ரரிக்குச் சொல்வதற்கே அந்த எண்ணில் இடமில்லை. இதற்காகவே 64 பிட் முழு எண் வாங்கிக்கொள்ளும் லைப்ரரிகள் தனியாக இருக்கின்றன. அவருக்கும் அது தெரியும். முழு எண்ணையெல்லாம் எட்டு பைட்டாக வைக்கச் சொல்லிக் கம்பைல் செய்தார். ஆனால் இணைத்தது பழைய, நான்கு பைட் லைப்ரரியோடு.

நம் ஊர்களில் ஒரு காலத்தில் படி ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. கொடுப்பவர் ஒரு படியால் அளந்து, வாங்குபவர் வேறு படியால் அளந்தால் சண்டை அங்கேயே வந்துவிடும். இங்கே வரவில்லை. எட்டு பைட்டில் எழுதிய சிறிய எண்ணை நம் மெஷின்களில் முதல் நான்கு பைட்டை மட்டும் படித்தாலும் அதே எண்தான் கிடைக்கும். ஆகவே 4 அணு, 8 அணு, 12 அணு என்று அவர் செய்த சோதனை எல்லாம் சரியாக வந்தது. 18இல் அவர் தந்த இட அளவு 4,728,100,521. அதன் கீழ்ப் பாதியை மட்டும் படித்த லைப்ரரிக்குத் தெரிந்தது 433,133,225. போதிய இடம் தரவில்லை என்று அது தடுத்திருக்க வேண்டாமா? தடுக்கும் வரி உள்ளே இருக்கிறது. ஆனால் தேவையான அளவை லைப்ரரியும் அதே 32 பிட்டில்தான் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கும் வழிந்து, அதே 433,133,225இல் வந்து நின்றது. இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. காவலைத் தாண்டி உள்ளே போய், முதல் கட்டத்தை நிதானமாக முடித்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் இடத்தைப் பகுக்கும்போது எதிர்மறை முகவரியில் கை வைத்து விழுந்தது. திரையில் வந்தது ஒரே ஒரு வரி, நினைவகத்தை மீறிவிட்டாய் என்று. எந்தப் புரோகிராமில், எந்த வரியில் என்று அவர் ஒரு வாரம் தேடினார். அவர் எழுதிய வரிகளில் பிழையே இல்லை.

விழுந்ததே நல்லது என்று சொல்லுவேன். ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் டிஜிஎஸ்விக்கு இதே தவறு நேர்ந்தால் இன்னும் மோசம். எந்த நிரையை எதோடு மாற்றினேன் என்று அது ஒரு பட்டியல் எழுதித் தரும். நான்கு பைட் எண்களை நெருக்கி நெருக்கி எழுதிவிடும். நீங்கள் எட்டு எட்டாகப் படிப்பீர்கள். இரண்டு நிரை எண்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பூதாகார எண்ணாகத் தெரியும். விடை வந்திருக்கும், பட்டியல் மட்டும் குப்பையாக இருக்கும். அந்தப் பட்டியலை நம்பி நீங்கள் எழுதிய அடுத்த பத்து வரிகளும் குப்பை.

இதெல்லாம் மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஃபோர்ட்ரான் ஒரு செயலுக்கு எழுத்தைத் தரும்போது, அந்த எழுத்தின் நீளத்தையும் மறைவாகக் கடைசியில் சேர்த்துத் தரும். பிளாஸிலும் லாபேக்கிலும் 'என்', 'டி' என்று ஓர் எழுத்தை அடிக்கடி தர வேண்டியிருக்கும். சி மொழியிலிருந்து அழைத்தவர்கள், நீளம் எப்படியும் ஒன்றுதானே என்று அதைத் தராமலே விட்டார்கள். பல பத்தாண்டுகள் எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள், எதுவும் ஆகவில்லை. 2019இல் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் புதிய பதிப்புகள், அந்த மறைவான இடம் நிச்சயம் இருக்கும் என்று நம்பி அதன் மேல் எழுதத் தொடங்கின. தராதவர்களுடைய அடுக்கில் அங்கே வேறு ஏதோ இருந்தது. ஆர் மொழியைப் பேணுபவர்கள் லாபேக் அழைப்புகள் விழுவதைக் கண்டு, தோண்டிக்கொண்டே போய் இதைக் கண்டுபிடித்தார்கள். கம்பைலர் எழுதுபவர்கள் தற்காலிகமாக ஒரு மாற்று வழி வைத்தார்கள். ஆர் தன் பக்கத்து அழைப்புகளில் நீளத்தைத் தரத் தொடங்கியது. யாருடைய தவறு? ஃபோர்ட்ரான் கம்பைலர் தன் விதிப்படிதான் நடந்தது. நெடுநாள் பழக்கத்தை விதி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கலப்பெண் கதையும் இதுபோலத்தான். இசட்டாட்சி என்ற செயல் ஒரு கலப்பெண்ணைத் திருப்பித் தரும். சில கம்பைலர்கள் அதைச் செயலியின் பதிவேட்டில் வைத்துத் தரும். சில, "இங்கே எழுது" என்று ஒரு முகவரியை முன்னால் சேர்த்துத் தரும். இரண்டும் கலந்தால் முகவரிகள் ஒரு படி நகர்ந்து, திசையனின் நீளம் இருக்கும் இடத்தில் விடை எழுதப்படும். குவாண்டம் வேதியியல் செய்பவர்கள் இதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமை நிறுவும்போது ஓடும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் "பிளாஸ் இருக்கிறது, சரி" என்று சொல்லும்போது என்ன பார்த்தது தெரியுமா? டிஜெம்மை அழைக்கும் ஒரு துண்டுப் புரோகிராமை எழுதி, அது லிங்க் ஆகிறதா என்று பார்க்கிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். பெயர் கிடைத்தது என்பதற்குத்தான் அது சாட்சி. விடைக்குச் சாட்சி நீங்கள்தான் தேட வேண்டும்.

இழைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஓப்பன்பிளாஸ் இருக்கும் கோர் அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். நீங்களும் எட்டுப் பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட விட்டால், எட்டுக் கோரில் 64 இழைகள் முட்டி மோதும். தனியாக ஓடியதைவிட மெதுவாகும். அப்போது ஓப்பன்பிளாஸ் இழை எண்ணிக்கைக்கான சூழல் மாறியை 1 என்று வையுங்கள். இன்னொன்று: புதிய செயலியில் கம்பைல் செய்ததைப் பழைய செயலிக்குக் கொண்டுபோனால், தெரியாத கட்டளை என்று அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல செயலிகளுக்கும் சேர்த்துக் கட்டும் வசதி ஓப்பன்பிளாஸில் உண்டு. கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

லைப்ரரியை மாற்றி இருபது நிமிடத்தில் விடை வந்ததே, அதற்கு மறுநாளே அந்த மாணவர் மறுபடியும் வந்தார். "சார், வேகமா வருது. ஆனா விடை மாறிடுச்சு" என்றார். குரலில் பயம் இருந்தது. இரண்டு ஆண்டு உழைப்பு அல்லவா? பழைய விடையையும் புதிய விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஐகன் மதிப்புகள் பதின்மூன்று இலக்கம் வரை ஒன்றாக இருந்தன. அதற்கு மேல் வேறு. ஐகன் திசையன்களில் பாதிக்கு மேல் குறி மாறியிருந்தது. கூட்டல் கழித்தல் ஆகியிருந்தது, கழித்தல் கூட்டல் ஆகியிருந்தது.

இரண்டுக்கும் காரணம் உண்டு. இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கம்தான் நிற்கும். ஒன்றுக்குப் பின் பதினாறு சுழியம் போட்ட எண்ணோடு 1ஐக் கூட்டி, பிறகு அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் மெஷின் தரும் விடை சுழியம். முதலில் பெரிய எண்ணைக் கழித்துவிட்டு 1ஐக் கூட்டினால் 1. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். லைப்ரரி கட்டம் கட்டமாக வெட்டுவதும் எட்டுக் கோரில் பிரித்துக் கொடுப்பதும் வரிசையை மாற்றுவதுதானே. குறி விஷயம் அதைவிட எளிது. ஒரு திசையன் ஐகன் திசையன் என்றால், அதை −1ஆல் பெருக்கியதும் ஐகன் திசையன்தான். எதைத் தருவேன் என்று எந்த லைப்ரரியும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு ஐகன் மதிப்புகள் சமமாக இருந்துவிட்டாலோ, அவற்றின் திசையன்களை அந்தத் தளத்துக்குள் எப்படித் திருப்பி வைத்தாலும் சரிதான். பழைய விடையும் சரி, புதியதும் சரி. இரண்டையும் வைத்து ஒப்பிட்ட முறைதான் தவறு.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? அணியை எடுத்துத் திசையனால் பெருக்குங்கள். ஐகன் மதிப்பால் பெருக்கிய திசையனை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அணியில் உள்ள எண்களின் பருமனோடு ஒப்பிட்டால் அது 16ஆம் இலக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறி எதுவானாலும் மிச்சம் மாறாது. இது ஒன்று. கையால் போடத் தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள், இது இன்னொன்று. ஸ்பின் சங்கிலியில் இரண்டே அணு என்றால், புலம் இல்லாமல், இணைப்பு வலிமை 1 என்று வைத்தால், மதிப்புகள் −0.75, 0.25. நான்கு அணுவை வளையமாக வைத்தால் மிகக் குறைந்த ஆற்றல் −2. சமன்பாடு தீர்ப்பவர்களுக்கு ஹில்பர்ட் அணி இருக்கிறது: பத்துக்குப் பத்து அளவிலேயே, உள்ளிடும் எண்ணின் சிறு பிழையைப் பத்தாயிரம் பில்லியன் மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். பதினாறு இலக்கத்தில் பதின்மூன்று போய்விடும். லைப்ரரி எவ்வளவு நல்லதானாலும் அங்கே மூன்று இலக்கம்தான் உங்களுக்கு. எந்த இலக்கம் வரை மாறலாம் என்பது முன்கூட்டியே தெரிந்தவருக்கு, லைப்ரரியை மாற்றும்போது பயம் இருக்காது.

புள்ளியியல் துறையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுபட்ட தரவைக் குறிக்கும் "எண் அல்ல" என்ற மதிப்பைச் சுழியத்தால் பெருக்கினாலும் "எண் அல்ல" என்றே வர வேண்டும். சுழியம் வந்தால் பெருக்கவே வேண்டாம் என்று தாண்டிப் போகும் பிளாஸ்கள் இருந்தன. மாதிரிப் பிரதியின் பழைய பதிப்புகளிலேயே அப்படித்தான். விடுபட்ட தரவு சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். ஆர் இதற்காகவே அணிப் பெருக்கத்துக்கு முன் தரவைச் சோதித்துப் பார்க்கிறது.

அந்த மாணவர் 18 அணுவையும் பிறகு முடித்தார். 64 பிட் லைப்ரரியோடு இணைத்து, இரண்டு அணு, நான்கு அணு, மிச்சம் என்று மூன்று சோதனையும் போட்டுவிட்டுத்தான் ஓட விட்டார். அவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அரைப் பக்கம் இருக்கிறது: லைப்ரரியின் பெயர், பதிப்பு எண், முழு எண்ணின் அளவு, இழைகள் எத்தனை, செயலி எது, கம்பைலர் எது, அதற்குத் தந்த கட்டளை வரி முழுவதும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்ததாகவும் திசையன்களின் குறி வேறாக வந்ததாகவும் சொன்னார். மாணவர் எழுந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, மிச்சங்களின் அட்டவணையைக் காட்டினார். அதன்மேல் அடுத்த கேள்வி வரவில்லை.

அவர் தன் புரோகிராமை இந்தப் பயிலரங்குக்குத் தந்திருக்கிறார். உங்கள் முன்னால் இருக்கும் மெஷின்கள் எல்லாவற்றிலும் இப்போது மாதிரிப் பிரதிதான் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு 14 அணுவை ஓட விடப் போகிறோம், அளவு 3,432. பக்கத்துச் சாளரத்தில் டாப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோர் மட்டும் ஓடுவதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, பலகைக்குப் பின்னால் இருப்பவரை மாற்றுவோம்.